மூன்றாம் நாளே ஏன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? மருத்துவமனைக்குக் காசு வரும் வழியும் நமக்குக் கிடைக்கும் சிகிச்சையும்

சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனை ஒன்றில், அரசாங்க மானியம் உள்ள சி வகுப்பு வார்டில் நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு பெரியவர். மூன்றாம் நாள் காலை மருத்துவர் குழு வருகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆக்சிஜன் தேவையில்லை, மருந்தை இனி மாத்திரையாகவே கொடுக்கலாம், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் மகளுக்கு நெஞ்சு திக்கென்கிறது. அப்பாவால் இன்னும் கழிவறை வரைகூடத் தனியாக நடக்க முடியவில்லையே, மானிய வார்டு என்பதால் விரட்டுகிறார்களா?

இந்தக் கேள்வி வாட்ஸ்அப் குழுக்களிலும் காப்பிக்கடையிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கோபம் நியாயமானது, ஆனால் காரணம் பெரும்பாலும் தவறாகச் சொல்லப்படுகிறது. "சி வகுப்பு, அதனால் சீக்கிரம் அனுப்புகிறார்கள்" என்பது பதில் கிடையாது. மருத்துவமனைக்கு எந்தக் கணக்கில் காசு வருகிறது, அந்தக் கணக்கு மருத்துவமனையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

நம் பில் வேறு, மருத்துவமனையின் வருமானம் வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் பார்ப்பது பில் மட்டுமே. உதாரணத்துக்கு, மானியத்துக்கு முன் 10,000 வெள்ளி என்று ஒரு பில் வைத்துக்கொள்வோம். பி2, சி வகுப்புகளில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 50 முதல் 80 விழுக்காடு வரை மானியம் உண்டு, குடும்பத்தில் ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு மாத வருமானம் என்பதை வைத்து அது முடிவாகிறது. 80 விழுக்காடு கிடைப்பவருக்கு மீதி 2,000 வெள்ளி. மீதி பெரிதாக இருந்தால் அரசாங்கக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப் ஒரு பங்கை ஏற்கும், அடுத்து நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ், கடைசியில் கொஞ்சம் ரொக்கம். நம் கவலையெல்லாம் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும்.

அந்த மானிய வரிக்குப் பின்னால் இன்னொரு கணக்கு ஓடுகிறது. சுகாதார அமைச்சு மருத்துவமனைக்கு ஆண்டு முழுவதும் எந்த அடிப்படையில் பணம் கொடுக்கிறது? படுக்கைக்கா, அறுவை சிகிச்சைக்கா, நோய்க்கா, ஆளுக்கா? இந்தக் கேள்விக்கான விடை நம் பில்லில் எங்கும் அச்சாகாது. ஆனால் நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் அந்த வாக்கியத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. மருத்துவர் காசை நினைத்துத்தான் அப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை, பொது மருத்துவமனையில் அவருக்குச் சம்பளம். எத்தனை படுக்கை, எத்தனை தாதியர், வீட்டுக்கு அனுப்பிய பிறகு போய்ப் பார்க்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் பணம் வரும் வழிதான் பெரிதும் தீர்மானிக்கிறது. அவர் அந்த எல்லைக்குள் நின்றுதான் முடிவெடுக்கிறார்.

காசு வரும் நான்கு வழிகள்

உலகம் முழுவதும் பார்த்தாலும் அடிப்படையில் நான்கு வழிகள்தான். நடைமுறையில் எல்லா நாடுகளும் இவற்றைக் கலந்துதான் பயன்படுத்துகின்றன.

1. மொத்தத் தொகை. ஆண்டுத் தொடக்கத்தில் இவ்வளவு என்று கொடுத்துவிடுவார்கள், அதற்குள் சமாளிக்க வேண்டும். 1980களின் நடுப்பகுதி வரை சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனைகள் ஓர் அரசாங்கத் துறைபோல இப்படித்தான் இயங்கின. செலவு கட்டுக்குள் இருக்கும். ஆனால் கூடுதலாக ஒரு நோயாளியைப் பார்த்தால் மருத்துவமனைக்குச் செலவுதான், வரவு இல்லை. அதனால் காத்திருப்பு நீளும்.

2. செய்த வேலைக்குக் காசு. ஸ்கேனுக்கு இவ்வளவு, மருத்துவர் வந்து பார்த்தால் இவ்வளவு, ஒரு நாள் தங்கினால் இவ்வளவு. தனியார் மருத்துவமனைகளின் வழி பெரும்பாலும் இதுதான். காத்திருப்பு குறையும், கவனிப்பு தாராளமாக இருக்கும். தேவையில்லாத ஸ்கேனும் தாராளமாக இருக்கும்.

3. நோய்வாரித் தொகை. எத்தனை நாள் தங்கினாலும் சரி, இந்த நோய்க்கு இவ்வளவுதான். இதை டிஆர்ஜி முறை என்பார்கள்.

4. தலைக்கணக்கு. இந்த வட்டாரத்தில் இத்தனை பேர் வசிக்கிறார்கள், ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு, அவர்களுடைய உடல்நலம் உங்கள் பொறுப்பு. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் தொகை அதேதான்.

முதல் இரண்டும் எளிதில் புரிபவை. சிங்கப்பூரின் கதை மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும் கதை என்பதால் அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

டிஆர்ஜி: தங்கும் நாள் குறைந்த கதை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்ப்சன் என்ற இருவர் உருவாக்கிய வகைப்பாடு இது. ஒரே மாதிரியான செலவு பிடிக்கும் நோய்களை ஒரே குழுவாகச் சேர்த்தார்கள். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்புறுதியான மெடிகேர் 1983-ல் இதை வைத்துப் பணம் கொடுக்க ஆரம்பித்தது.

இதன் தர்க்கம் சுலபம். குடல்வால் அறுவைக்கு 5,000 என்று நிர்ணயித்துவிட்டார்கள் என்று வையுங்கள். நான்கு நாளில் அனுப்பினால் மருத்துவமனைக்கு மிச்சம், எட்டு நாள் வைத்திருந்தால் கையைக் கடிக்கும். ஆகவே வீணான பரிசோதனைகள் குறையும், திங்கட்கிழமை அறுவைக்கு வெள்ளிக்கிழமையே சேர்த்து வைக்கும் வழக்கம் போகும். இதெல்லாம் நல்லதுதான்.

நோயாளிகளுக்கு என்ன ஆனது? ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இதை விரிவாக ஆராய்ந்து 1990-ல் முடிவுகளை வெளியிட்டது. மருத்துவமனையில் தங்கும் நாள்கள் நன்றாகக் குறைந்தன. அதனால் இறப்பு கூடவில்லை. ஆனால் உடல்நிலை முழுதாகச் சீராவதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் விகிதம் கூடியது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டும். சீக்கிரம் அனுப்புவதே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. அனுப்பிய பிறகு வீட்டில் யாரும் இல்லை என்றால்தான் ஆபத்து.

வேறு இரண்டு பக்கவிளைவுகளும் உண்டு. ஒன்று, நோய்க்குறியீடு எழுதும்போது கொஞ்சம் கனமான நோயாக எழுதினால் கூடுதல் தொகை. பல நாடுகளில் இது தணிக்கைக்காரர்களின் தீராத தலைவலி. இன்னொன்று, அனுப்பிய நோயாளி பத்து நாளில் திரும்பி வந்து சேர்ந்தால் அது புதுக் கணக்கு, புதுத் தொகை. சரியாகக் கவனிக்காததற்கே காசு கிடைக்கிற மாதிரி.

இதை அடைக்க அமெரிக்கா 2012-ல் ஒரு விதி கொண்டுவந்தது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால் அந்த மருத்துவமனைக்கு அபராதம். திரும்பி வருவோர் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அதே காலத்தில் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பு கூடியதாகச் சில ஆய்வுகள் சொன்னன, அதற்கும் இந்த விதிக்கும் தொடர்பில்லை என்று வேறு சில ஆய்வுகள் மறுத்தன. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: எதை அளந்து காசு கொடுக்கிறோமோ அந்த எண் மாறும், ஆனால் அந்த எண்ணும் நோயாளியின் நலமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

சிங்கப்பூர் நடந்து வந்த பாதை

1985-ல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் 1989-ல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும் நிறுவனமயமாயின. உரிமை அரசாங்கத்திடமே இருந்தது, நிர்வாகமும் கணக்கும் தனி நிறுவனம்போல ஆயின. நோயாளியின் பக்கத்தில் 1984-ல் மெடிசேவ், 1990-ல் மெடிஷீல்ட், 1993-ல் பில் கட்ட வழியில்லாதவர்களுக்கான மெடிஃபண்ட் என்று மூன்று அடுக்குகள் வந்தன. 1999 அக்டோபரில் பொது மருத்துவமனைகளுக்கான மானியத்தைக் கணக்கிட டிஆர்ஜி முறை வந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் மக்கள் மூத்தார்கள். 2030-ல் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். முதியவருக்கு ஒரே நோயாக வருவதில்லை. ரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரகம், மூட்டு என்று சேர்ந்தே வருகிறது. நோய்க்கு இவ்வளவு என்று விலை போடும் முறை இவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இதை ஒருவருடைய பாதத்தை வைத்துச் சொன்னால் நன்றாக விளங்கும். நீரிழிவுக்காரர் ஒருவரின் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. பலதுறை மருந்தகத்தில் தாதி காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரிகிறதா அங்கிள்?" என்று இடம் இடமாகக் கேட்கிறார். சில நிமிட வேலை, செலவு சொற்பம். இந்த வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும்? செருப்பு கடித்த புண் தெரியாமல் போகும், சீழ் பிடிக்கும், விரலை எடுப்பார்கள், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. நோய்வாரி முறையில் பார்த்தால் காலைக் காப்பாற்றிய அந்தச் சில நிமிடங்களுக்கு மருத்துவமனையில் வரவே இல்லை, காலை எடுத்த அறுவைக்கு முழுத் தொகை வரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஆனால் கணக்குப்புத்தகம் தவறான பக்கம் சாய்ந்திருக்கும்போது, பாதம் பார்க்கும் தாதிக்கு ஆள் எடுக்க நிதி கேட்டால் கிடைப்பது கடினம். அறுவை அரங்கத்துக்குக் கேட்டால் கிடைக்கும்.

சிங்கப்பூரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. சீனர்களைவிட இந்தியர்களிடையே விகிதம் அதிகம். ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

2022 செப்டம்பரில் சுகாதார அமைச்சு, நோய் வருமுன் காக்கும் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜி பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வது, இலவசப் பரிசோதனை, தடுப்பூசி ஆகியவைதான் செய்திகளில் பெரிதாக வந்தன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது உள்ளே இருந்த நிதி மாற்றம். சிங்ஹெல்த், தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமம், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பு ஆகிய மூன்று குழுமங்களும் ஆளுக்குச் சுமார் 15 லட்சம் குடியிருப்பாளர்களுக்குப் பொறுப்பேற்கும், அவர்களுக்காகத் தலைக்கணக்கில் தொகை பெறும் என்பதுதான் அது. திட்டம் 2023 ஜூலை 5-ல் தொடங்கியது.

இப்போது அதே காலைப் பாருங்கள். தலைக்கணக்கில் காலைக் காப்பாற்றினால் குழுமத்துக்கு மிச்சம், இழந்தால் செலவு. கணக்குப்புத்தகம் முதல்முறையாக நோயாளியின் பக்கம் சாய்கிறது.

சரி, வார்டில் என்ன மாறுகிறது?

பெரியவரின் படுக்கைக்குத் திரும்புவோம். தலைக்கணக்கிலும் அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் உந்துதல் இருக்கத்தான் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அவர் திரும்பி வந்தால் புதுத் தொகை கிடையாது, எல்லாம் அதே பைக்குள்தான். ஆகவே அனுப்பிய பிறகு பார்த்துக்கொள்வது மருத்துவமனையின் சொந்த நலனாகிவிடுகிறது.

வீட்டிலேயே வார்டு என்ற எண்ணம் வேர்விட்டது இப்படித்தான். எம்ஐசி அட் ஹோம் திட்டத்தில், மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டிய நிலையில் உள்ள சில நோயாளிகளைத் தாதியர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள், மருத்துவர் காணொளியில் பேசுகிறார், நரம்புவழி மருந்தும் வீட்டிலேயே ஏறுகிறது. 2024 ஏப்ரல் முதல் இது வழக்கமான சேவையாகிவிட்டது. படுக்கைக்குக் காசு என்ற முறை இருந்திருந்தால் எந்த மருத்துவமனை தன் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்க முன்வந்திருக்கும்?

படுக்கைத் தட்டுப்பாடும் இதில் சேர்கிறது. அவசரசிகிச்சைப் பிரிவில் வார்டுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் நோயாளிக்கு, தேறிவருபவர்களுக்கான சமூக மருத்துவமனையில் இடம் கிடைக்காமல் மேல்மாடி வார்டிலேயே தங்கியிருக்கும் இன்னொரு நோயாளிதான் தடை. மூன்றாம் நாளே மருத்துவச் சமூக ஊழியர் வந்து வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்பது இதனால்தான். அதைக் கேட்டுப் பலர் புண்பட்டுப்போகிறார்கள். உண்மையில் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

தலைக்கணக்கின் ஆபத்து

இதை முழுமையாகப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. ஆளுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிட்டால், குறைவாகச் செய்தாலும் மிச்சம்தானே. விலை உயர்ந்த ஸ்கேனைத் தள்ளிப்போடுவது, நிபுணரிடம் அனுப்பத் தயங்குவது, செலவு வைக்கும் நோயாளியைக் கண்டும் காணாமல் இருப்பது என்று சறுக்கல்கள் உண்டு. செய்த வேலைக்குக் காசு என்ற முறையில் நோயாளி கூடுதல் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டும், இங்கே குறைந்த சிகிச்சைக்குப் பயப்பட வேண்டும். கூடுதல் சிகிச்சையாவது பில்லில் தெரியும். நடக்காத சிகிச்சை எங்கும் தெரியாது.

இங்கே சில தடுப்புகள் இருக்கின்றன. மருத்துவர்களுக்குச் சம்பளம் என்பதால் மிச்சம் அவர்கள் பைக்குப் போவதில்லை. மருத்துவமனைகள் அரசாங்கத்துக்குச் சொந்தம், லாபம் கேட்கும் பங்குதாரர் இல்லை. ஈசூனில் வசிப்பவர் அங்குள்ள கூ டெக் புவாட் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் இவை மட்டும் போதாது என்பது என் கருத்து. ஒவ்வொரு குழுமத்திலும் எத்தனை பேருக்கு நீரிழிவால் கால் போனது, எத்தனை பேர் 30 நாளுக்குள் திரும்பி வந்தார்கள், மானிய நோயாளி நிபுணரைப் பார்க்க எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பதை மூன்று குழுமங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாதாரண மனிதருக்குப் புரியும்படி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நோயாளியின் காசு மட்டும் பழைய பாதையில்

பலரும் கவனிக்காத முரண் இங்கேதான் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் பணம் தலைக்கணக்குக்கு மாறிவிட்டது. நாம் கட்டும் பணமோ இன்னும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனி பில்தான்.

மெடிசேவ் 1984-ல் மருத்துவமனைச் செலவுக்காக வந்தது. வெளிநோயாளிச் சிகிச்சைக்கு எடுக்கும் தொகைக்கு இன்றும் ஆண்டு வரம்பு இருக்கிறது. மெடிஷீல்ட் லைஃப் பெரிய மருத்துவமனை பில்லுக்கானது. இதனால் பல ஆண்டுகளாக நம் மனத்தில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது: வார்டில் சேர்த்தால் காசு எடுக்கலாம், வெளியே பார்த்தால் கையிலிருந்து போகும். மருந்தகத்தில் முடிய வேண்டிய வேலைக்கு "ஒருநாள் அட்மிட் பண்ணிவிடுங்கள் டாக்டர்" என்று குடும்பமே கேட்கும். ஹெல்தியர் எஸ்ஜியில் பதிவு செய்தவர்கள் தங்கள் மருந்தகத்தில் நாள்பட்ட நோய்க்கு மெடிசேவ் பயன்படுத்தும்போது 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டியதில்லை என்று ஆக்கியது சரியான திசையில் ஓர் அடி. இன்னும் போக வேண்டும்.

தனியார் பக்கத்தில் ரைடர் குழப்பம். மெடிஷீல்ட் லைஃபோடு தனியார் காப்புறுதியும் சேர்ந்தது ஒருங்கிணைந்த ஷீல்ட் திட்டம். அதன் மேல் கூடுதலாக வாங்கும் காப்புதான் ரைடர், அது முன்பு முழு பில்லையும் கட்டிவிடும். நோயாளிக்கு ஒரு காசும் செலவில்லை, மருத்துவருக்கோ செய்த வேலைக்கெல்லாம் காசு, தடுக்க யாருமில்லை. சந்தா ஏறாமல் என்ன செய்யும்? 2018-ல் புதிய ரைடர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு நாமே கட்ட வேண்டும் என்றார்கள். 2026 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், பில்லில் முதலில் நாமே கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, அதாவது டிடக்டிபிளை, ஈடுகட்டக் கூடாது. 5 விழுக்காட்டுப் பங்குக்கான ஆண்டு உச்சவரம்பின் குறைந்தபட்ச அளவும் 3,000 வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளியாகிறது.

இது நியாயமா? 1970களில் தொடங்கி அமெரிக்காவில் ராண்ட் நடத்திய பெரிய காப்புறுதிச் சோதனை ஒன்று இதற்கு உதவும். தாங்களும் பங்கு கட்ட வேண்டியவர்கள் சிகிச்சையைக் குறைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், தேவையற்றதை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்தே குறைத்தார்கள். அதனால் தனியார் வார்டில் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்கு நோயாளியும் ஒரு பங்கு கட்டுவது சரி என்றே நினைக்கிறேன். அதே வாதத்தை ரத்த அழுத்த மாத்திரைக்கும் பாதப் பரிசோதனைக்கும் கொண்டுபோனால் தவறு. அங்கே பத்து வெள்ளி மிச்சம் பிடிப்பவர் பின்னால் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

சி வகுப்புக்கு மட்டமான சிகிச்சையா?

இல்லை. மருந்தும் அறுவையும் மருத்துவ முடிவும் நோயைப் பொறுத்தவை. வகுப்பு மாறினால் மாறுவது படுக்கைகளின் எண்ணிக்கை, குளிர்சாதனம், மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. உண்மையான வேறுபாடு வார்டுக்கு வெளியே இருக்கிறது: மானிய நோயாளி நிபுணரின் முதல் சந்திப்புக்குப் பொதுவாகக் கூடுதலாகக் காத்திருக்கிறார். ஆதங்கத்தை அங்கே திருப்பினால் பயன் உண்டு.

வீட்டுக்குப் போகலாம் என்றதும் கேட்க வேண்டியவை

1. வீட்டில் எந்த அறிகுறி வந்தால் உடனே கூப்பிட வேண்டும், ராத்திரி 2 மணிக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்?

2. பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்? மருத்துவமனை கொடுத்த புதிய பையும் வீட்டிலிருக்கும் பழைய பையும் சேர்ந்து ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு பைகளையும் மேசையில் கொட்டி மருந்தாளரிடமே காட்டுங்கள்.

3. எம்ஐசி அட் ஹோம் இவருக்குப் பொருந்துமா, அல்லது சமூக மருத்துவமனையா?

4. நடக்க முடியவில்லை என்றால் இயன்முறைச் சிகிச்சையாளர் அவரைக் கழிவறைவரை நடக்கவைத்துப் பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால், பார்த்த பிறகு அனுப்புங்கள் என்று அமைதியாகக் கேட்கலாம், அதற்கு உரிமை இருக்கிறது.

5. மானியம், மெடிஷீல்ட் லைஃப், மெடிசேவ் எல்லாம் போயும் மீதியைக் கட்ட முடியவில்லை என்றால், பில் வரும்வரை காத்திருக்காமல் வார்டில் இருக்கும்போதே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். மெடிஃபண்டுக்கு விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும், வீட்டு வருமான விவரங்களையும் அவரே கேட்டு எழுதிக்கொள்வார்.